உப்பங்கழியில் மட்டம் எடுத்த நாட்கள்

எனக்கு முதல் வேலை கிடைத்தது எண்பதுகளின் கடைசியில். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, குரோம்பேட்டையில் ஒரு மாடியில் இருந்த சின்ன கட்டுமானக் கம்பெனியில் வரைபடம் வரையச் சேர்ந்தேன். மின்விசிறிக் காற்றில் டிரேசிங் பேப்பர் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் நான்கு கருங்கல் துண்டு. அந்த மேஜையோடு என் உலகம் முடிந்திருக்க வேண்டியது. ஆனால் சைட்டில் மட்டம் எடுத்து, அதாவது நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்துகொண்டிருந்தவருக்கு வளைகுடாவுக்கு விசா வந்து, மூன்று நாளில் கிளம்பிப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கும்வரை போய் வர முடியுமா என்று எங்கள் எஞ்சினியர் கேட்டார். அவர் அரசு வேலையில் ஏரிக்கரைகளையும் மதகுகளையும் பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார்.

“ஒரு மாசம் மேனேஜ் பண்ணும்மா” என்றார். இரண்டரை வருடம் ஆயிற்று.

சைட் கோவளத்தில். அங்கே கடல்நீர் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து உப்பங்கழியாக நிற்கும். அதன் ஓரத்தில் ஒரு பெரிய சேற்றுப் பரப்பு. கடல் ஏறும்போது தண்ணீருக்குள் போய்விடும். வற்றும்போது கறுப்பாக, பளபளப்பாக வெளியே வரும். ஒரு நாளில் இரண்டு முறை இது நடக்கும். அந்தச் சேற்றை ஒட்டிய இடத்தை எங்கள் முதலாளி வாங்கியிருந்தார். கடல் காற்று வரும் பங்களாக்களுக்கு மனை போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. சேற்றின் குறுக்கே செம்மண் கரை போட்டு, கரைக்கு உள்பக்கம் லாரி லாரியாகக் கிராவல் கொட்டி உயர்த்துவதுதான் எங்கள் வேலை.

அந்த வரைபடத்தை வரைந்தது நான்தான். கரை வரும் இடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு நேர்கோடு. அதற்கு வெளியே வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளையில் ‘சேறு’ என்று என் கையால் எழுதியிருந்தேன். அழகான எழுத்து என்று ஆபீசில் பாராட்டினார்கள்.

தாம்பரத்திலிருந்து காலை பஸ் பிடித்து, கேளம்பாக்கத்தில் மாறி, கோவளம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். முதல் வாரம் அப்பா பஸ் நிலையம்வரை கூடவே வந்தார். ரயில்வேயில் இருந்த அவருக்கு, பெண் ஒருத்தி மூன்றுகால் ஸ்டாண்டும் லெவல் கருவியுமாக வெட்டவெளியில் நிற்கிறாள் என்பதை நினைத்துப் பார்க்கவே சிரமமாக இருந்தது. “ஒத்து வரலேன்னா விட்டுடு” என்று மட்டும் தினமும் சொன்னார். எனக்கு ஒத்து வந்தது. கருவியின் கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்து, தூரத்தில் ஆள் பிடித்திருக்கும் ஸ்டாஃப் என்ற அளவுக் கம்பைப் பார்த்து, எண்ணைப் புத்தகத்தில் எழுதும்போது ஒரு நிம்மதி வரும். கணக்கு சரியாக வந்துவிட்டால் யாரும் என்னை எதுவும் கேட்க முடியாது.

ஒத்து வராதது ஒன்றுதான். சைட்டில் கழிப்பறை இல்லை. ஆண்கள் கரைக்குப் பின்னால் போய் வந்தார்கள். நான் காலையில் வீட்டில் போனால் மாலையில் வீட்டில்தான். அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே விட்டேன். இரண்டாம் வாரம் ஒரு மதியம் அடிவயிறு கல்லாக இறுகி, எழுதிய எண்ணைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன்.

சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் கரை ஏறி வந்தாள். என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். இடுப்பில் ஓலைக் கூடை, முழங்கால்வரை சேறு.

“இன்னாம்மா, காலைலேர்ந்து பாக்குறேன், நின்ன எடத்துலயே காலை மாத்தி மாத்தி நிக்கிற. ஒண்ணுக்குப் போவணுமா?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

“வா. எங்க வூட்டாண்ட தட்டி கட்டி வச்சிக்கீது.”

அவள் வீடு குப்பத்தின் கடைசியில், சேற்றுப் பரப்பைப் பார்த்தபடி இருந்தது. பின்னால் தென்னை ஓலைத் தட்டி கட்டிய ஒரு மறைவு, ஒரு குடம் தண்ணீர், ஒரு டப்பா. வெளியே வந்தபோது என் கண்ணில் நீர் நின்றது. அவள் அதைக் கவனிக்காத மாதிரி மட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். “தெனம் வந்துடு. கேக்கவே வாணாம்” என்றாள். அன்றிலிருந்து எனக்கு அவள் அக்கா.

அக்காவின் கணவர் கட்டுமரத்தில் போகிறவர். இரண்டு பிள்ளைகள். கடல் கொந்தளித்துக் கட்டுமரம் போக முடியாத நாட்களில் வீட்டை நடத்தியது இந்தச் சேறுதான். குளிரில் மட்டி, மற்ற நாளில் தண்ணீருக்குள் உட்கார்ந்து கையாலேயே துழாவிப் பிடிக்கும் இறால், சேற்று நண்டு. அவள் விரல்கள் சேற்றுக்குள் போகும், ஒரு நொடி நிற்கும், மட்டியோடு வெளியே வரும். நான் டிபன் டப்பாவைத் திறக்கும் நேரத்தில் அவள் பாதிக் கூடை நிரப்பிவிடுவாள். உள்ளான் குருவிகள் கூட்டம் அவள் பின்னாலேயே ஓடி ஓடிக் கொத்தும். அவளுக்குப் பயப்படாது, என்னைக் கண்டால் மட்டும் பறந்துவிடும்.

நாங்கள் கொட்டும் மண்ணைப் பற்றி அவள் ஆரம்பத்தில் எதுவும் சொல்லவில்லை. “அது உங்க எடம், இது எங்க எடம்” என்று கரையைக் காட்டிச் சொன்னாள். அவ்வளவு சுலபமாகப் பிரித்துவிடலாம் என்று நானும் நினைத்தேன்.

கரை முடிந்து, உள்ளே கிராவல் ஓர் ஆள் உயரத்துக்கு ஏறியிருந்த சமயம். கரைக்கு வெளியே சேற்றின் மட்டம் மாறுகிறதா என்று பார்க்க ஒரு வரிசையாக மர ஆப்புகள் அடித்து வைத்திருந்தோம். ஸ்டாஃப் பிடிக்கும் ஆளுக்கு அன்று காய்ச்சல். ஓர் ஆப்பு சாய்ந்திருப்பது தெரிந்து, நானே பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கினேன். பல முறை நடந்த இடம்தான். நான்காவது எட்டில் வலது கால் முழங்கால்வரை போயிற்று. அதை இழுக்க இடது காலை ஊன்றினேன். அது தொடைவரை போயிற்று. லாரிகள் மறுபக்கம் உறுமிக்கொண்டிருந்தன. நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. மெல்லிய தகடு போல வந்து என் புடவையைத் தொட்டது.

அக்கா ஓடி வரவில்லை. ஓடினால் அவளும் இறங்கிவிடுவாள் என்று பிறகுதான் புரிந்தது. ஒரு தென்னை மட்டையை முன்னால் போட்டு, அதன் மேல் வயிற்றை வைத்துத் தவழ்ந்து வந்தாள்.

“உதைக்காத. உதைச்சா இன்னும் எறங்கும். அப்டியே பின்னால சாஞ்சி படு.”

“புடவை அக்கா...”

“புடவை கெடக்குது, படு.”

படுத்தேன். சேறு காதுக்குள் போயிற்று. வானம் மட்டும் தெரிந்தது. அவள் என் தொடையைச் சுற்றிக் கையை விட்டுச் சேற்றைத் துழாவித் துழாவித் தளர்த்தினாள், மட்டி எடுக்கிற அதே விரல்களால். ஒரு கால் வந்தது. வெகு நேரம் கழித்து இன்னொன்று. மட்டையைப் பிடித்துக்கொண்டு இருவரும் கரைக்கு நகர்ந்து வந்து சேர்ந்தபோது தண்ணீர் நான் புதைந்திருந்த இடத்தை மூடியிருந்தது.

கரைமேல் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் திரும்பிப் பார்த்தாள். “இங்க இப்டி இருக்காதே. போன மாசம்கூட நான் நடந்துகினுதானே இருந்தேன்” என்றாள்.

குடிதண்ணீர் தூரத்திலிருந்து சுமந்து வருகிற வீடு அது. இரண்டு குடம் என்மேல் ஊற்றினாள். தன் புடவை ஒன்றைக் கட்டிவிட்டாள். அதைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறியபோது பக்கத்தில் இருந்த பெண்மணி மீன் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் மாறினார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் உயிரைக் காப்பாற்றியவளின் புடவைக்காகக் கூசினேன் என்பதை இன்றும் மறைக்க விரும்பவில்லை. அம்மா அந்தப் புடவையைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, அதோடு புதுப்புடவை ஒன்றும் வைத்துக் கொடுத்தார். அக்கா இஸ்திரியைப் பார்த்துதான் அதிகம் சிரித்தாள்.

அடுத்த வாரம் அந்த ஆப்புகளின் மட்டத்தை எடுத்தேன். கரையை ஒட்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்த ஆப்புகள் எல்லாம் முன்பு இருந்ததைவிட உயரத்தில் இருந்தன. ஒரு ஜாண், சிலது ஒரு முழம். முதல் தடவையாகத் தப்புப் பண்ணிவிட்டேன் என்று நினைத்து, ரோட்டோரப் பழைய மதகில் உயரம் உறுதியாகத் தெரிந்து வெட்டியிருந்த குறியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அதே எண்கள்தான் வந்தன.

எஞ்சினியர் புத்தகத்தைப் புரட்டினார். “ஆப்பு எங்கியாவது எழும்புமாம்மா? உன் ரீடிங்தான் எழும்பியிருக்கு. திரும்ப எடு” என்றார்.

மூன்றாம் முறை எடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா சற்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூடை காலியாக இருந்தது.

“இன்னாத்துக்கு இத்தினி வாட்டி அளக்குற?”

“சேறு மேல வந்திருக்குன்னு காட்டுது அக்கா. கருவி தப்பா, நான் தப்பான்னு தெரியல.”

“இதுல இன்னா தப்பு. மேலதான் வந்துகீது. முன்ன தண்ணி ஏறுனா இந்த எடத்துல என் முட்டி நனையும். இப்ப கணுக்கால்கூட நனையல. வந்து பாரு.”

கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனாள். உயர்ந்த சேறு வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, மேலே உப்புப் பூத்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கிக் கறுத்து நாறியது. மட்டிகள் வாயைத் திறந்துகொண்டு செத்துக் கிடந்தன. ஒரு உள்ளான்கூட இல்லை.

அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. உள்ளே கொட்டிய கிராவலின் கனம் தாங்காமல் அடியில் இருந்த இளஞ்சேறு வெளிப்பக்கம் பிதுங்கி எழுந்திருக்கிறது. பிதுங்கிய இடம் இளகித்தான் என் கால் இறங்கியது. இன்னொன்றும் புரிந்தது. இந்தப் பரப்புக்குத் தண்ணீர் கொண்டு வந்து, திரும்ப எடுத்துக்கொண்டு போன ஒரு சின்ன ஓடை இருந்தது. வரைபடத்தில் நான் அதைக் குறிக்கவில்லை. உப்பங்கழியிலிருந்து வளைந்து வந்த அதன் மேலேயே என் ஸ்கேல் கோடு போய், கரை அதை அடைத்துவிட்டிருந்தது.

அதை அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். “அந்தக் கோட்டைப் போட்டது நான்தான் அக்கா.”

‘பரவாயில்லை’ என்று பெரிய மனதோடு அவள் சொல்லவில்லை. “புள்ளைங்களுக்கு ஸ்கூல் தொறக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பத்து நாள் போல என்னோடு பேசவில்லை. நான் அவள் வீட்டுத் தட்டிப் பக்கம் போகவில்லை. மறுபடி தண்ணீர் குடிக்காமல் இருந்தேன்.

அந்தப் பத்து நாளில் நான் செய்தது ஒன்று. மூன்று தடவை எடுத்த எண்களையும் ஒரே தாளில் வரைந்தேன். முன்பு சேறு இருந்த மட்டம் ஒரு கோடு, இப்போது இருக்கும் மட்டம் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் வயிறு போல ஒரு வீக்கம். அதை எஞ்சினியரின் மேஜையில் வைத்தேன்.

“சார், மூணு வாட்டியும் ஒண்ணுதான் வருது. நான் தப்பு பண்ணல. நீங்க வந்து பாக்கணும்.”

அதற்கு முன் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு தாளை நெடுநேரம் பார்த்தார். மறுநாள் என்னோடு பஸ்ஸில் வந்தார். கரையில் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி வைத்து, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். வெடித்த பாளங்களை மிதித்துப் பார்த்தார். செத்த மட்டி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“ஏரியில பாத்திருக்கேன், கரை கனம் தாங்காம அடிமண் வெளிய தள்றத. இங்க யோசிக்கலையேம்மா. ஸாரி, உன் ரீடிங் கரெக்ட்” என்றார்.

என் வாழ்க்கையில் பிறகு எத்தனையோ சான்றிதழ் வாங்கினேன். அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நின்று ஒரு பெரிய எஞ்சினியர் சொன்ன வார்த்தைக்கு எதுவும் ஈடில்லை.

முதலாளியிடம் அவர் மட்டியைப் பற்றியோ குருவியைப் பற்றியோ பேசவில்லை. பேசியிருந்தால் நடந்திருக்காது. ஓரத்து மனைகள் சரிந்துவிடும், கட்டும் வீடு விரிசல் விடும் என்றுதான் சொன்னார். அதுவும் உண்மைதான். ஓரமாகக் கொட்டியதை வாரி எடுத்துக் கரையைப் பின்னுக்குத் தள்ளுவது, ஓடை இருந்த இடத்தில் கரைக்கு அடியில் பெரிய சிமெண்ட் குழாய்கள் பதிப்பது என்று முடிவாயிற்று. முதலாளி முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

ஆனால் ஓடை எங்கே இருந்தது? மண் மூடிவிட்டது. படத்திலும் இல்லை. அந்தப் பரப்பை அங்குலம் அங்குலமாகத் தெரிந்தவள் ஒருத்திதான். எஞ்சினியரே என்னைக் கூட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போய் அக்கா வீட்டு வாசலில் நின்றார்.

“அந்த ஓடையோட ஆழமான எடம் எங்கம்மா இருந்துச்சு? நீ காட்டினாத்தான் குழா போட முடியும்.”

அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “இன்னாம்மா, பத்து நாளா காணோம். மூத்தரத்த அடக்கிகினே கெடந்தியா?” என்றாள். எஞ்சினியர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

குழாயின் அடி எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கொஞ்சம் மேலே போனாலும் தண்ணீர் வரும், முழுதாக வடியாது. அமாவாசையை ஒட்டித் தண்ணீர் மிகவும் வற்றும் என்று அக்கா சொன்னாள். அந்த விடியலில் இருக்க வேண்டும் என்பதற்காக முந்தைய நாள் அவள் வீட்டிலேயே தங்கினேன். வெளிச்சம் வந்ததும் நான் கரைமேல் கருவியை வைத்தேன். அக்கா ஸ்டாஃபைத் தோளில் சாத்திக்கொண்டு, பழைய ஓடை உப்பங்கழியோடு சேருகிற இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றாள். கம்பு ஆடாமல் நின்றது. அத்தனை ஆட்கள் எனக்குக் கம்பு பிடித்திருக்கிறார்கள். அவள் பிடித்த மாதிரி யாரும் பிடித்ததில்லை.

“இதுக்கும் கீழ வத்தாது. எழுதிக்கோ” என்று குரல் கொடுத்தாள். எழுதிக்கொண்டேன்.

குழாய் பதித்து, வாயைத் திறந்துவிட்ட அன்று குப்பத்திலிருந்து சிலர் வந்து பார்த்தார்கள். கடல் ஏறும் நேரம். குழாய் வழியாகச் சலசலவென்று தண்ணீர் உள்ளே வந்து, நாறிக் கிடந்த பள்ளத்தில் பரவியது. யாரும் கை தட்டவில்லை. அக்கா குனிந்து கையில் கொஞ்சம் எடுத்து முகர்ந்து பார்த்தாள். “கடத்தண்ணிதான்” என்றாள்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் பொய். உயர்ந்துபோன மேல்பகுதி திரும்ப இறங்கவே இல்லை. அங்கே உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி முளைத்துப் பரவியது. கரைக்கு உள்ளே போன சேறு போனதுதான். அதன்மேல் இன்று வீடுகள் நிற்கின்றன. ஆனால் கீழ்ப்பகுதியில் அடுத்த வருடம் கறுப்பு நாற்றம் போயிற்று. அதற்கடுத்த குளிரில் நகத்தளவு மட்டிக் குஞ்சுகளை அக்கா சேற்றோடு அள்ளிக்கொண்டு வந்து என் மட்டப் புத்தகத்தின் மேலேயே வைத்துக் காட்டினாள். அந்தப் பக்கத்தில் கறை இன்னும் இருக்கிறது. முன்பு கிடைத்ததில் பாதி கிடைக்கிறது என்று அவள் சொன்னாள். மீதிப் பாதிக்கு அவள் தலைச்சுமையாக மீன் விற்கப் போனாள். அந்தப் பாதியை எடுத்துக்கொண்டது எங்கள் கரை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

தொண்ணூறுகளில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. சேலையூரில் குடியிருந்தோம். வேறு கம்பெனிக்கு மாறினேன். எஞ்சினியர் எழுதிக் கொடுத்த கடிதத்தால்தான் அந்த வேலை கிடைத்தது. ‘அளந்த எண்ணைத் திருத்த மாட்டாள்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. எந்த மண் வேலைக்கு வரைபடம் வந்தாலும், வெள்ளையாக விட்டிருக்கும் இடத்தை நேரில் போய்ப் பார்க்காமல் நான் பேனாவைத் தொடுவதில்லை. சில இடங்களில் அதனால் திட்டு வாங்கினேன். இரண்டு இடங்களில் ஓடைகள் தப்பின. இந்தப் பழக்கம் எனக்குப் படிப்பில் வந்ததல்ல, அக்கா கொடுத்தது.

எனக்குப் பெண் பிறந்து தாம்பரத்தில் அம்மா வீட்டில் இருந்தபோது, ஒரு காலையில் வாசலில் அக்கா நின்றாள். எப்படித் தெரிந்ததென்று கேட்டால் சொல்லவில்லை. இரண்டு பஸ் மாறி, இலையில் சுற்றிப் பால்சுறா கொண்டு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதுதான் வேண்டும் என்றாள்.

நேராகச் சமையலறைக்குள் போனாள். அம்மா சுறாப்புட்டுக்குத் தேங்காய் துருவ எடுத்தார்.

“தேங்காலாம் வாணாம்மா. பூண்டு நெறைய போடு” என்றாள் அக்கா.

“எங்க வீட்ல தேங்காய் போட்டுத்தான் பண்ணுவோம்.”

“அது பெத்தவளுக்கு ஆவாது.”

கூடத்தில் படுத்தபடி இருவரும் வாதாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பூண்டு வென்றது. வேகவைத்த சுறாவை அக்கா உதிர்த்துத் தட்டில் குவித்து என் முன்னால் கொண்டு வந்து வைத்துவிட்டு, குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“மட்டி எப்படி அக்கா இருக்கு?” என்று கேட்டேன்.

“கீது. குழா வாயில மண்ணு அடைச்சிகிச்சி, எங்க வூட்டுக்காரரும் பசங்களும் எறங்கித் தோண்டி விட்டாங்க. நீ சாப்புடு, ஆறிடும்.”

சாப்பிட்டேன். அம்மா இரண்டாம் தடவை வைத்தார். அக்கா மூன்றாம் தடவை வைத்தாள்.